வள்ளி: கொடி, கிழங்கு, குறமகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள், பாட்டியின் பெயருக்குப் பொருள் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், சந்தையில் கிழங்கு வாங்கும்போது பெயர் உறுத்தியவர்கள் என்று பலரும் வள்ளியைப் பற்றிக் கேட்பதுண்டு. அந்தக் கேள்விகளில் முக்கியமானவற்றை எடுத்துக்கொண்டு, இலக்கியத்திலும் வழக்கிலும் உள்ளவற்றைக் கொண்டு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

வள்ளி என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

முதற்பொருள் கொடி. ஒரு கொம்பையோ மரத்தையோ சுற்றிக்கொண்டு ஏறும் கொடி. அந்தக் கொடிகளில் ஒருவகை மண்ணுக்கடியில் கிழங்கு வைப்பதால், அந்தக் கிழங்குக்கும் வள்ளி என்றே பெயர். முருகனின் துணைவியான குறமகளின் பெயரும் வள்ளி. கைவளை என்ற பொருளையும் அகராதிகள் தருகின்றன. வள்ளிக்கூத்து என்ற பழைய ஆடலுக்கும் இப்பெயர் உண்டு. இவை தனித்தனிச் சொற்களாகத் தோன்றினாலும், பெரும்பாலும் ஒரே மலைச்சாரலில் பிறந்தவை என்பதே என் எண்ணம். கீழே உள்ள விடைகள் அதை நோக்கித்தான் போகின்றன.

சொல்லின் வேர் எது?

வளைதல், சுற்றுதல் என்ற பொருள் தரும் ‘வள்’ என்ற அடியிலிருந்து வந்ததாகக் கொள்வதே பொருத்தமாக இருக்கிறது. வளை, வளையல், வளையம், வளாகம் எல்லாம் அதே குடும்பம். கொடி சுற்றுகிறது, வளை கையைச் சுற்றுகிறது. கைவளைக்கும் வள்ளி என்று பெயர் இருந்தது அதனால் வியப்பில்லை.

இது தமிழுக்கு மட்டும் உரிய சொல்லும் அன்று. மலையாளத்தில் இன்றும் கொடிக்கு அன்றாடச் சொல் ‘வள்ளி’தான். கன்னடத்தில் முதலெழுத்து பகரமாகி, கொடியைக் குறிக்கும் சொல்லாகவே வழங்குகிறது. தமிழில்தான் கொடி என்ற சொல் மேலோங்கி, வள்ளி பெயராகவும் கிழங்காகவும் ஒதுங்கிக்கொண்டது. கேரளத்துக்காரரிடம் ‘வள்ளி’ என்று சொன்னால் முதலில் வேலியில் படரும் செடி நினைவுக்கு வரும்; நமக்கு முதலில் ஒரு பெண் நினைவுக்கு வருகிறாள்.

சங்க இலக்கியத்தில் வரும் வள்ளிக்கிழங்கு இன்று நாம் சாப்பிடும் கிழங்குதானா?

இல்லை. இதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

பறம்புமலையை மூவேந்தர் முற்றுகையிட்டபோது கபிலர் பாடிய பாட்டு புறநானூற்றில் 109ஆம் பாட்டாக இருக்கிறது. மலையை எத்தனை நாள் வளைத்து நின்றாலும் பாரியைப் பட்டினி போட முடியாது என்கிறார். உழவர் உழாமலே அந்த மலை தரும் விளைவு நான்கு: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். அந்த மூன்றாவதை ‘கொழுங்கொடி வள்ளிக் கிழங்கு வீழ்க்கும்மே’ என்று சொல்கிறார். கொழுத்த கொடி, கீழே இறங்கும் கிழங்கு: இரண்டையும் ஒரே அடியில் காட்டிவிட்டார். யாரும் நடாமல், யாரும் நீர் பாய்ச்சாமல் காட்டில் தானாக விளைந்த கிழங்கு அது. கொம்பைச் சுற்றி ஏறும் கொடியும் உள்ளே இறங்கும் நீண்ட கிழங்கும் கொண்ட காட்டுக் கிழங்கினம். மலைவாழ் மக்கள் இன்றும் கடப்பாரையும் கூர்க்கோலும் கொண்டு தோண்டி எடுப்பது அந்த இனத்தைத்தான்.

சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1492இல் கொலம்பஸ் கடல் கடந்த பிறகுதான் அவை மற்ற கண்டங்களுக்குப் பரவின; இந்தியக் கரைக்கு வந்ததும் அதற்குப் பின்தான். கபிலருக்கும் அவற்றுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. பறம்புமலைப் பாட்டுக்கு உரை எழுதும்போது சர்க்கரைவள்ளி என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு, அது பிழை.

அப்படியானால் புதிதாக வந்த கிழங்குகளுக்கு வள்ளி என்று எப்படிப் பெயர் வந்தது?

புதுப் பயிர் வந்தால் பழைய பெயருக்கு ஓர் அடைமொழி சேர்த்து அழைப்பது தமிழ் வழக்கம். இனித்த கிழங்கு சர்க்கரைவள்ளி ஆயிற்று. அது கொம்பைச் சுற்றி ஏறாது, தரையில்தான் படரும். ஆனாலும் கொடி என்ற அளவில் பெயர் பொருந்தியது. மரவள்ளியைப் பாருங்கள். அது கொடியே இல்லை. ஆள் உயரத்துக்கு மேல் நேராக நிற்கும் குச்சிச் செடி. கீழே கிழங்கு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் வள்ளி ஆயிற்று. கொடியாக இல்லை என்பதைச் சொல்ல முன்னால் ‘மரம்’ சேர்ந்தது. அதற்குள் வள்ளி என்ற சொல், கொடியை விட்டுக் கிழங்கோடு போய்விட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

ஊருக்கு ஊர் பெயர் மாறுவதும் உண்டு. சேலம், நாமக்கல் பக்கத்தில் மரவள்ளி ‘குச்சிக்கிழங்கு’. அங்கே ஜவ்வரிசி ஆலைகளுக்கு அதுதான் மூலப்பொருள். கன்னியாகுமரி மாவட்டத்தில் ‘மரச்சீனி’. மீன்குழம்போடு சேர்த்துச் சாப்பிடுவார்கள். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தப் பயிரைப் பரப்ப முனைந்தவர் என்பதால், அந்த வட்டாரத்தில் அது வேரூன்றியதற்குக் காரணம் தெளிவு. சர்க்கரைவள்ளி தென்மாவட்டங்களில் ‘சீனிக்கிழங்கு’, யாழ்ப்பாணத்தில் ‘வற்றாளை’.

பழைய வள்ளிக்கிழங்கு இன்று எங்காவது கிடைக்கிறதா?

கிடைக்கிறது. யாழ்ப்பாணத்து ‘இராசவள்ளி’ அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். தோலைச் சீவினால் உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். சிறு துண்டுகளாக நறுக்கி, நீரில் குழைய வேகவைத்து, கரண்டியால் மசித்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் கிண்டினால் ஊதா நிறக் களியாகத் திரண்டு வரும். ஈழத்துக் குடும்பங்கள் இலண்டனிலும் டொரண்டோவிலும்கூட அந்தக் கிழங்கைத் தேடி வாங்கிச் சமைக்கிறார்கள். சிறுவள்ளி, பெருவள்ளி என்ற பெயர்களும் இதே இனத்தின் கிழங்குகளுக்குத்தான். சந்தையில் சர்க்கரைவள்ளியின் முன்னால் இவை ஒதுங்கி நின்றாலும், வள்ளி என்ற பெயருக்கு முதல் உரிமை இவற்றுக்குத்தான்.

முருகனின் வள்ளிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தின் கடைசிப் பகுதியான வள்ளியம்மை திருமணப் படலத்தில் இந்தக் கதையைச் சொல்கிறார். மலையில் தவம் செய்த முனிவரின் பார்வை பட்டு ஒரு மான் கருவுறுகிறது. வேட்டுவப் பெண்கள் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியொன்றில் அந்த மான் ஒரு பெண்குழந்தையை ஈன்றுவிட்டு, தன் இனமில்லை என்று கண்டு அகன்றுவிடுகிறது. குழந்தையின் அழுகுரல் கேட்டு வந்த நம்பி என்னும் குறவர் தலைவன் எடுத்து மனைவியிடம் கொடுக்கிறான். வள்ளிக் குழியில் கிடைத்தவள் என்பதால் வள்ளி.

பெயர்க்காரணத்தைக் கிழங்குக் குழியில் வைத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம். தாமரையில் பிறந்தாள், வேள்வித்தீயில் பிறந்தாள் என்று சொல்லாமல், பசிக்காகத் தோண்டிய குழியில் கிடைத்தாள் என்று சொல்லும் கதை இது. குறிஞ்சி நிலத்தின் உணவும் அந்நிலத்தின் பெண்ணும் ஒரே பெயரில் நிற்கிறார்கள்.

கந்தபுராணத்துக்கு முன்பு வள்ளி இருந்தாளா?

நன்றாகவே இருந்தாள். நற்றிணை 82ஆம் பாட்டில் அம்மூவனார், தலைவன் தன் காதலியிடம் ‘முருகு புணர்ந்து இயன்ற வள்ளி போல’ உன் உருவம் கண்ணைக் கூசவைக்கிறது, பார்க்க முடியவில்லை என்று சொல்வதாகப் பாடுகிறார். விளக்கம் எதுவும் இல்லாமல் உவமையாக மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார் என்றால், கதை அன்றே எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்று பொருள்.

திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் ஆறு முகங்களுக்கும் தனித்தனி வேலை சொல்கிறார். அவற்றில் ஒரு முகம், ‘குறவர் மடமகள், கொடிபோல் நுசுப்பின் மடவரல் வள்ளியொடு’ மகிழ்ந்து நகை செய்கிறது. வள்ளி என்ற பெயருக்குப் பக்கத்திலேயே ‘கொடிபோன்ற இடை’ வருவதைக் கவனியுங்கள். பெயரின் பொருளைத் தெரிந்தே புலவர் அதை அங்கே வைத்திருக்கிறார். பரிபாடல் 14ஆம் பாட்டோ முருகனை ‘நறுமலர் வள்ளிப் பூ நயந்தோயே’ என்று அழைக்கிறது. அங்கே பெண்ணும் பூங்கொடியும் பிரித்தெடுக்க முடியாதபடி ஒன்றாகிவிடுகிறார்கள்.

சிலப்பதிகாரத்தில் வரும் இடம் இவை எல்லாவற்றையும்விட உருக்கமானது. மதுரையை எரித்துவிட்டு, ஒரு முலை இழந்த கோலத்தில் மலையேறி வந்து வேங்கை மர நிழலில் நிற்கும் கண்ணகியைப் பார்த்த குறவர்கள், ‘வள்ளி போல்வீர்’ என்று அழைத்து, நீங்கள் யார் என்று கேட்கிறார்கள். தங்கள் மலையில் இப்படியொரு பெண் நின்றால் அவள் வள்ளியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. மதிப்புக்குரிய எந்தப் பெண்ணுக்கும் அவர்கள் கையில் இருந்த அளவுகோல் அந்தப் பெயர்தான்.

தொல்காப்பியத்தில் வரும் வள்ளி யார்?

அங்கே இரண்டு இடங்கள். ஒன்று ‘வாடா வள்ளி’. உரையாசிரியர்கள் இதை வள்ளிக்கூத்து என்று விளக்குகிறார்கள். வள்ளி என்றவுடன் கொடி நினைவுக்கு வரும்; கொடி வாடும், கூத்து வாடாது; ஆகவே ‘வாடா வள்ளி’. பெரும்பாணாற்றுப்படையிலும் இதே தொடர் வருகிறது.

இன்னொன்று, ‘கொடிநிலை கந்தழி வள்ளி’ என்று தொடங்கும் நூற்பா. கடவுள் வாழ்த்தோடு சேர்த்துச் சொல்லப்படும் மூன்று இவை. நச்சினார்க்கினியர் இங்கே வள்ளி என்பதைத் திங்கள் என்று கொள்கிறார். பிற்காலத்தில் வேறு விளக்கங்கள் சொன்னவர்களும் உண்டு. இந்த ஒரு நூற்பாவை வைத்துக்கொண்டு வள்ளி என்றால் நிலவு என்று பெயர்ப் புத்தகங்களில் எழுதுவது சரியாகாது.

வள்ளி ‘இரண்டாம் மனைவி’தானே? ஏன் இவ்வளவு சிறப்பு?

இந்தக் கேள்வியைச் சங்கப் புலவரே எடுத்துக்கொண்டிருக்கிறார். பரிபாடல் 9ஆம் பாட்டில் குன்றம்பூதனார், தேவசேனை என்னும் தெய்வயானையின் பக்கமும் வள்ளியின் பக்கமும் திருப்பரங்குன்றத்தில் ஊடிச் சண்டையிடுவதைக் காட்டுகிறார். நான்மறை அறிந்த புலவர்களை அழைத்துப் பேசும் அந்தப் பாட்டு, களவுக் காதலின் சிறப்பை எடுத்துச் சொல்கிறது. தண்தமிழின் பொருளிலக்கணத்தை ஆராயாதவர்கள் இந்தக் குன்றின் பயனைக் கொள்ளமாட்டார்கள் என்று அடித்துச் சொல்கிறது.

தெய்வயானையை முருகனுக்கு இந்திரன் மணம் செய்து கொடுக்கிறான். வள்ளியையோ முருகன் தேடிப்போய், தினைப்புனத்தில் நின்று, வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் உருமாறிக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. தேனும் தினைமாவும் வாங்கித் தின்று விக்கலெடுத்துத் தண்ணீர் கேட்கும் கிழவனை நினைத்துப் பாருங்கள். தமிழ் அகத்திணை காதலுக்கு வகுத்த வழி முழுவதும் அந்தக் கதையில் இருக்கிறது. எண்ணிக்கையில் இரண்டாவது என்பதைக் கொண்டு அவளைத் தாழ்த்துவது, அந்தக் கதையைச் சரியாகக் கேட்காததன் விளைவு. சைவ மரபில் வள்ளி இச்சாசக்தி, தெய்வயானை கிரியாசக்தி, வேல் ஞானசக்தி என்று விளக்குவதும் உண்டு.

வள்ளியும் வல்லியும் ஒன்றா?

பொருளில் நெருக்கம், எழுத்தில் வேறு. ‘வல்லி’ வடமொழியில் கொடி. மரகதவல்லி, அமிர்தவல்லி, கோமளவல்லி, அலர்மேல்வல்லி என்று கோயில் அம்மன் பெயர்களில் வருவது அந்த வல்லி. வடமொழிச் சொல்லே திராவிட மொழிகளிலிருந்து சென்றிருக்கலாம் என்று கருதும் மொழியியலாளர்களும் உண்டு. ஆனால் தமிழில் இரண்டும் தனித்தனியாகவே வாழ்கின்றன.

கந்தபுராணமே இந்த வேறுபாட்டை அழகாகக் காட்டுகிறது. முற்பிறப்பில் திருமாலின் மகளிர் இருவரின் பெயர் அமுதவல்லி, சுந்தரவல்லி. அதில் சுந்தரவல்லி மண்ணில் பிறந்தபோது வள்ளி ஆனாள். விண்ணில் இருந்தவரை ‘ல்’, குறவர் குடிலுக்கு வந்ததும் ‘ள்’.

எழுத்தாளர் வல்லிக்கண்ணனை வள்ளிக்கண்ணன் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர் நெல்லைப் பக்கத்து ராஜவல்லிபுரத்துக்காரர். அந்த ஊர்ப் பெயரில் இருப்பது வல்லிதான். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவுக்கோ ‘ள்’தான் சரி.

வள்ளல், வள்ளுவர் என்ற சொற்களோடு தொடர்பு உண்டா?

வள்ளல் என்பது வளம், வண்மை என்பவற்றோடு சேர்ந்தது. வளைதலைக் குறிக்கும் அடியோடு அதை இணைக்கத் தேவையில்லை. வள்ளுவர் என்பது ஒரு குடிப்பெயர். ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே வேரில் கட்டுவதைத் தவிர்ப்பது நல்லது.

வள்ளியின் ஊர் எது?

கந்தபுராணம் குறிப்பது மேற்பாடியை அடுத்த மலை. இன்று வேலூர் மாவட்டத்தில் காட்பாடிக்கு வடக்கே உள்ள வள்ளிமலை அதுதான். பழைய சமணக் குகைகளும் கல்வெட்டுகளும் அதே மலையில் இருக்கின்றன.

கன்னியாகுமரி மாவட்டத்து வேளிமலை குமாரகோயிலிலும் வள்ளி கதை தங்கள் மலையில் நடந்ததாகவே கொண்டாடுகிறார்கள். பங்குனியில் நடக்கும் திருக்கல்யாண விழாவில் ‘குறவர் படுகளம்’ உண்டு: பெண்ணைக் கவர்ந்து செல்லும் முருகனை வள்ளியின் உறவினர் மறித்துப் போரிட்டுத் தோற்கும் காட்சி. திருச்செந்தூர்க் கடற்கரையில் வள்ளி குகை இருக்கிறது. நெல்லை மாவட்டத்தில் வள்ளியூர் என்றே ஓர் ஊர்.

இலங்கையில் கதிர்காமத்தின் உரிமை வேறு வகையானது. அங்கே வேடர் குலத்தவர் வள்ளியைத் தங்கள் மகளாகக் கொள்கிறார்கள். ஆடிவேல் விழா இரவுகளில், முருகனின் யந்திரத் தகடு வைத்த பேழையை யானைமேல் ஏற்றி, பெரிய கோயிலிலிருந்து வீதியின் மறுகோடியில் உள்ள வள்ளியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். தெய்வயானைக்கும் அங்கே கோயில் உண்டு. ஆனால் ஊர்வலம் வள்ளியை நோக்கித்தான் போகிறது. தமிழர், சிங்களவர் இருவரும் அவளை ‘வள்ளியம்மா’ என்றே அழைக்கிறார்கள்.

மக்கள் கலைகளில் வள்ளிக்கு என்ன இடம்?

மதுரை, புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் விடியவிடிய நடக்கும் இசை நாடகங்களில் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம்தான் இன்றும் அதிகம் விரும்பிக் கேட்கப்படுவது. ஆர்மோனியம் முழங்க, பரண்மேல் கவண் கையுடன் நின்று கிளிகளையும் மயில்களையும் விரட்டும் வள்ளி ஆலோலம் பாடுவாள். அதைவிடக் கூட்டம் காத்திருப்பது வள்ளியும் நாரதரும் செய்யும் தர்க்கத்துக்கு. அதில் பெரும்பகுதி மேடையிலேயே உருவாவது. நன்றாகப் படித்த, வாய் வல்லமையுள்ள நடிகை கிடைத்தால் நாரதர் திணறிப்போவார். பேசத் தெரிந்த பெண்ணாக வள்ளியை ஊர் நினைவில் வைத்திருப்பதற்கு இந்த மேடைக்குப் பெரும்பங்கு உண்டு.

கொங்குப் பகுதியில் வள்ளி கும்மி. ஆசிரியர் பாட, அடவு வைத்து வட்டமாக ஆடி வள்ளியின் கதையைச் சொல்வார்கள். இந்தக் கலையைப் பல தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டத்து பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

ஆண்களுக்கும் இப்பெயர் உண்டா? பெயர் எந்தெந்த வடிவங்களில் வருகிறது?

பெண்களுக்கு வள்ளியம்மை, வள்ளியம்மாள், வள்ளிநாயகி, வள்ளிமயில், வள்ளிக்கண்ணு. ஆண்களுக்கு வள்ளியப்பன், வள்ளிநாயகம், வள்ளிமுத்து, வள்ளிமணாளன். செட்டிநாட்டில் வள்ளியப்பன், வள்ளியம்மை இரண்டும் தாத்தா பாட்டி பெயராகத் தலைமுறை தோறும் திரும்ப வரும்.

இப்பெயரைத் தாங்கியவர்களில் தில்லையாடி வள்ளியம்மையைச் சொல்லாமல் விட முடியாது. தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தார். தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய சத்தியாகிரகத்தில் தாயாரோடு சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்தார். காந்தி அவரைப் பற்றி நெகிழ்ந்து எழுதியிருக்கிறார். 1915இல் தில்லையாடிக்கும் வந்தார்.

குழந்தைக்கு வள்ளி என்று வைத்தால் பழைய பெயராக இருக்காதா?

பழைய பெயர்தான், குறைந்தது நற்றிணை அளவு பழையது. இரண்டே எழுத்தொலி, யாரும் எளிதில் கூப்பிடலாம், பொருள் கேட்டால் பச்சைக் கொடி என்று ஒரு சொல்லில் சொல்லலாம். என்னைக் கேட்டால் வைக்கலாம் என்பேன். தனியாக வைக்கத் தயங்குகிறவர்கள் யாழ்வள்ளி, தமிழ்வள்ளி என்று சேர்த்து வைக்கலாம்.

பதிவு செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஆங்கிலத்தில் எழுதினால் வள்ளி, வல்லி இரண்டும் ஒரே எழுத்துகளில் வந்து நிற்கும். பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் தட்டச்சு செய்யும்போது ‘வல்லி’ என்று விழுந்துவிட வாய்ப்பு அதிகம். ஆகவே விண்ணப்பத்தில் தமிழ் வடிவத்தை முதலில், தெளிவாக எழுதிக் கொடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்தவுடன் ‘ள்ளி’ சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியருக்கும் ஒருமுறை சொல்லி வையுங்கள்: நாவை மடித்து அண்ணத்தைத் தொட்டுச் சொல்ல வேண்டிய ‘ள’ அது. வீட்டில் பெரியவர்கள் சரியாக உச்சரித்துக் கூப்பிட்டால் குழந்தைக்குத் தானாக வந்துவிடும்.